ஐம்பொன்னில் சேராத ஆறாவது உலோகம்

பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம் ஆகிய ஐந்தையும் ஐம்பொன் என்று தொகுத்துச் சொல்வது நம் மரபு. கோயில் திருமேனிகளும், குத்துவிளக்குகளும், போர்வாள்களும், நம் பாட்டிமார் ரசம் வைத்த சொம்பும் இவ்வைந்தனுள் ஏதேனும் ஒன்றாலோ, இவற்றை அடிப்படையாகக் கொண்ட கலப்பாலோ ஆனவையே. ஆனால் சென்ற நூறாண்டுகளில் தமிழர் சமையலறையில் பெரிதும் புழங்கிய ஓர் உலோகத்துக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. அதுதான் அலுமினியம்.

பட்டியலில் இடம் கிடைக்காத அந்த உலோகம், பட்டியலிலிருந்த மற்றோர் உலோகத்தின் பெயரைக் கடன்வாங்கிக்கொண்டது. 'பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று தெருத்தெருவாகக் கூவி வந்த மிதிவண்டி வணிகரை வாசகர்கள் பலரும் அறிவீர்கள். திருச்சிராப்பள்ளியின் சந்துகளிலும் திருவரங்கத்தின் உத்திர வீதி, சித்திரை வீதிகளிலும் அந்தக் குரல் ஒலித்ததுண்டு. அவர் கேட்ட 'ஈயம்' பெரும்பாலும் அலுமினியமே. நசுங்கிய போசியும், ஓட்டை விழுந்த குண்டானும் அவர் தராசில் ஏறும். ஒரு கைப்பிடிப் பேரீச்சம்பழம் வீட்டுக்குள் வரும். கொடுத்தவர்களுக்கும் மகிழ்ச்சி, பெற்றவருக்கும் மகிழ்ச்சி.

அந்தப் பண்டமாற்றில் உண்மையில் கைமாறியது எது? பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பொருளாக்குவதில் அப்படி என்ன நன்மை இருக்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடினால் சோழர் கல்வெட்டிலிருந்து மேட்டூர் அணை வரை நாம் பயணம் செய்யவேண்டியிருக்கிறது. வாருங்கள், போய்வருவோம்.

கழஞ்சுக் கணக்கு

உலோகத்தை உருக்கி மறுபடி பயன்படுத்துவது நமக்குப் புதிதன்று. தஞ்சை இராஜராஜீசுவரத்துக் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் அறிவார்கள். முதலாம் இராஜராஜர் அக்கோயிலுக்களித்த பொற்கலங்களும் வெள்ளிக்கலங்களும் ஒவ்வொன்றாக எடையுடன் அங்குப் பதிவாகியுள்ளன. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்கு 'ஆடவல்லான்' என்றும், மணிகளை நிறுத்த கல்லுக்கு 'தக்ஷிணமேருவிடங்கன்' என்றும் பெயர். அக்கலங்களுள் ஒருபகுதி சேரரையும் பாண்டியரையும் மலைநாட்டில் வென்று கைப்பற்றிய செல்வத்திலிருந்து செய்யப்பட்டதாக அக்கல்வெட்டுகளே கூறுகின்றன. வேற்றரசரின் கருவூலத்தில் ஒரு வடிவில் இருந்த உலோகம் தஞ்சையில் வேறு வடிவம் பெற்றது. வடிவம் மாறினும் எடை கணக்கில் நின்றது.

திருவரங்கத்துக்கு வருவோம். 1251இல் ஆட்சிக்கு வந்த முதலாம் சடையவர்மர் சுந்தரபாண்டியர் அரங்கன் கோயிலைப் பொன்னால் வேய்ந்து, 'கோயில் பொன்மேய்ந்த பெருமாள்' என்னும் சிறப்பைப் பெற்றார். அவர் செய்த துலாபாரத்தைப் பற்றிக் கோயிலொழுகு சுவையான செய்தியொன்றைத் தருகிறது. காவிரியில் இரண்டு படகுகள். ஒன்றில் பட்டத்து யானையின்மேல் அரசர் அமர்ந்தார். அந்தப் படகு எந்த அளவுக்கு நீரில் அமிழ்ந்ததோ, அதே அளவுக்கு மற்றொரு படகு அமிழும்வரை பொன்னும் மணியும் குவிக்கப்பட்டன. யானையையும் அரசரையும் தாங்கும் தராசு எங்கும் கிடைக்காதென்பதால் ஆறே தராசாயிற்று!

அந்தப் பொன் இன்று எங்கே? 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பு. 1323இல் தில்லிப் படைகளின் இரண்டாம் வருகை. திருவரங்கம் தன் செல்வத்தை இழந்தது. 1371இல் கோபணரின் முயற்சியால் அரங்கன் மீண்டும் கோயிலுக்கு எழுந்தருளும்வரை ஊர் பட்ட பாட்டை வைணவ வரலாறு மறக்கவில்லை. கொள்ளைபோன பொன்னைக் கொண்டவர் எவரும் குப்பையில் எறிந்திருக்க மாட்டார். அது நாணயமாக, நகையாக, மறுபடி நாணயமாக உருமாறியபடியே எங்கோ உலவிக்கொண்டிருக்கும். பொன் அழிவதில்லை, முகவரிதான் மாறுகிறது.

செம்புக்கும் வெண்கலத்துக்கும் இதே கதைதான். உடைந்த மணியும் தேய்ந்த விளக்கும் கன்னாரின் உலைக்குத் திரும்பின. உலோகம் அரிதாக இருந்த காலத்தில் மறுசுழற்சி என்னும் சொல்லுக்குத் தேவையே இருக்கவில்லை. அது அன்றாட வழக்கம்.

பொன்னைவிட அரிதாக வந்த புதியவர்

அலுமினியத்தின் கதை இதற்கு நேர்மாறானது. பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள உலோகம் அதுதான். ஆயினும் தனி உலோகமாக அது மனிதர் கண்ணில் பட்டது 1825இல். டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்ஸ்டெட் அதனை முதன்முதலில் பிரித்தெடுத்தார். காரணம், ஆக்சிஜனோடு அது கொண்டுள்ள இறுக்கமான பிணைப்பு. இரும்பைக் கரியிட்டு உருக்கிப் பிரிக்கலாம். அலுமினியம் அதற்கு அசைந்துகொடுக்காது. எனவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அது அணிகலன்களுக்குரிய அரும்பொருளாக இருந்தது. 1884இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் அமெரிக்கர் பொருத்திய சிறு கூம்பு அலுமினியத்தால் ஆனது. அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. அன்றைக்கு அதுவே பெருமைக்குரிய செய்தி.

1886இல் அமெரிக்காவின் ஹாலும் பிரான்சின் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே வழியைக் கண்டுபிடித்தனர். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து அதனூடே மின்சாரத்தைச் செலுத்தினால் அலுமினியம் அடியில் தங்கும். அடுத்த சில ஆண்டுகளில் பாக்சைட் தாதிலிருந்து அலுமினாவைப் பிரிக்கும் வழியை ஆஸ்திரியாவைச் சேர்ந்த பேயர் வகுத்தார். இவ்விரு முறைகளுமே இன்றளவும் நடைமுறையில் உள்ளன. விலை மளமளவென்று சரிந்தது. அரசர்க்குரிய உலோகம் அடுப்படிக்கு வந்தது.

தமிழகத்தில் அதனை அடுப்படிக்குக் கொண்டுவந்ததில் ஆல்பிரட் சாட்டர்டனுக்குப் பெரும் பங்குண்டு. சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியராக வந்த அவர், 1898இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அந்தப் பள்ளிதான். இறக்குமதிப் பொருள்களால் பிழைப்பு நலிந்த உலோகக் கைவினைஞர்களுக்கு ஒரு புதுத் தொழிலைத் தருவதே அவர் நோக்கம். செம்பையும் பித்தளையையும் தட்டிப் பழகிய கைகளுக்கு அலுமினியத் தகடு எளிதாகவே வசப்பட்டது. பித்தளைப் பாத்திரத்துக்குப் போல இதற்கு அவ்வப்போது ஈயம் பூசவேண்டிய தொல்லையில்லை, எடையும் குறைவு. முயற்சி வென்றது. 1903இல் அத்தொழில் இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

ஒன்றைக் கவனியுங்கள். அன்று தட்டப்பட்ட தகடு அனைத்தும் கடல்கடந்து வந்தது. இந்தியாவில் அலுமினியம் உருக்கியெடுக்கப்பட்டது 1943இல்தான். கேரளத்தின் ஆலுவா அருகே. அங்கே அந்த ஆலை எழுந்ததற்கு முதற்காரணம் தாதுவன்று, பள்ளிவாசல் நீர்மின்சாரம். அலுமினிய ஆலை தாதைத் தேடிப் போவதைவிட மின்சாரத்தைத் தேடிப் போவதே உலக வழக்கம்.

பத்தாயிரம் குடம் காவிரி

தமிழகத்தில் மின்சாரத்தைத் தேடி அது வந்து நின்ற இடம் மேட்டூர். 1934இல் அணை திறக்கப்பட்டது. 1937இல் அங்கு மின்னுற்பத்தி தொடங்கியது. 1960இல் தோற்றுவிக்கப்பட்ட மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, இத்தாலிய நிறுவனமொன்றின் கூட்டுறவோடு 1965இல் மேட்டூரில் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் அங்குப் போய்ச் சேர்ந்தது.

இப்போது சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போமா? அலுமினாவிலிருந்து ஒரு கிலோ அலுமினியத்தைப் பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். தமிழக அரசு 2016இல் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது நினைவிருக்கலாம். அந்த நூறு யூனிட்டும் ஏழு கிலோ அலுமினியத்துக்குத்தான் காணும்.

இதையே நீரால் அளப்போம். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அந்த உயரத்திலிருந்து ஆயிரம் லிட்டர் நீர் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல், இழப்பே இல்லையென்று கொண்டாலும், ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். அப்படியானால் 14 யூனிட்டுக்கு 1,40,000 லிட்டர். இயந்திர இழப்பையும் சேர்த்தால் ஒன்றரை லட்சம் லிட்டரைத் தாண்டும். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் பத்தாயிரம் குடம்! ஒரே ஒரு கிலோ புது அலுமினியம் பிறக்கப் பத்தாயிரம் குடம் காவிரி மேட்டூரில் 120 அடி விழவேண்டும்.

அந்த நீர் வீணாவதில்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். விழுந்தபின் அது ஓடிவந்து முக்கொம்பில் பிரிந்து, திருவரங்கத்தை அணைத்துக்கொண்டு, கல்லணை கடந்து வயலுக்குப் போகிறது. ஆனால் அதன் வீழ்ச்சியின் வலிமை ஒருமுறைதான் கிடைக்கும். அந்த வலிமை அலுமினியத்துக்குள் புகுந்து உறைந்துவிடுகிறது. நம் அடுக்களைப் போசிக்குள் மேட்டூரின் ஒரு துளி வீழ்ச்சி உறைந்திருக்கிறது என்றால் அது வெறும் கவிதையன்று, கணக்கு.

பழைய அலுமினியத்தின் நன்மை இங்கேதான் புலப்படும். ஆக்சிஜனிடமிருந்து அதனைப் பிரிக்கும் போராட்டம் முன்பே முடிந்துவிட்டது. இனி 660 பாகைக்குச் சூடாக்கினால் போதும், உருகிவிடும். புதிதாக எடுப்பதற்குச் செலவாகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கே மறுபடி உருக்கத் தேவை. நம் கணக்கில் பத்தாயிரம் குடம் ஐந்நூறு குடமாகச் சுருங்குகிறது. மீதி ஒன்பதாயிரத்து ஐந்நூறு குடத்தின் வலிமையை நமக்கு மீட்டுத் தந்தவர் அந்தப் பேரீச்சம்பழ வணிகர்!

மேட்டூர் ஆலையின் பிற்கால வரலாறும் இதற்குச் சான்று. மின்தட்டுப்பாடு அதனை அலைக்கழித்தது. 1995இல் அது ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குச் சென்றது. நிலக்கரியால் இயங்கும் மின்நிலையத்தைத் தனக்கென அமைத்துக்கொண்டது. ஆயினும் 2008 நவம்பரில் உருக்காலை நின்றது; அதனை ஊட்டிய சுரங்கங்களின் பணியும் ஓய்ந்தது. ஆற்றை நம்பிப் பிறந்த தொழில், கரியை நம்பி வாழ்ந்து, இறுதியில் அடங்கிவிட்டது. அங்குப் பிறந்த உலோகமோ அடங்கவில்லை. இன்றும் ஏதோவொரு வீட்டில் பாத்திரமாகவோ, ஏதோவொரு வண்டியில் பாகமாகவோ இருந்துகொண்டிருக்கும்.

மலையும் செம்மண் சேறும்

கொல்லிமலை தமிழ் இலக்கியம் படித்தோர்க்கு அயலூரன்று. வல்வில் ஓரியின் மலை அது. கொல்லிப்பாவை வாழ்வதாகச் சங்கப் புலவர் கற்பனை செய்த மலையும் அதுவே. அங்குப் பிறக்கும் ஐயாறு ஆகாயகங்கை அருவியாக வீழ்ந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் ஓடிக் காவிரியில் கலக்கிறது. பாக்சைட் இத்தகைய மலைகளின் உச்சிப்பரப்பில்தான் படிந்திருக்கும். அதை எடுக்க மேல்மண்ணையும் மரங்களையும் அகற்றியாக வேண்டும். மழைநீரைப் பிடித்துவைத்துச் சுனைகளுக்குக் கொடுப்பதும் அதே மேற்பரப்புதான்.

ஒரு டன் அலுமினியத்துக்கு ஏறக்குறைய நான்கு டன் பாக்சைட் வேண்டும். அதைக் காரத்தில் கொதிக்கவைத்துப் பிரித்தபின் எஞ்சும் செந்நிறச் சேற்றை எங்கே கொட்டுவது என்பது உலகெங்கும் தீராத சிக்கல். 2010 அக்டோபரில் ஹங்கேரியின் அய்கா நகருக்கருகே அத்தகைய சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து ஊர்களுக்குள் பாய்ந்தது. பத்துப்பேர் உயிரிழந்தனர். கரியமில வாயுவின் கணக்கும் உண்டு. புதிதாக ஒரு டன் அலுமினியம் செய்ய உலகச் சராசரியாகப் பத்து டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயு வெளியேறுகிறது. பழையதை உருக்கினால் ஒரு டன்னுக்கும் குறைவே.

பழைய அலுமினியத்துக்கு மலையை வெட்டவேண்டாம், சேற்றைத் தேக்கவேண்டாம். ஆற்றையும் கரியையும் இருபதில் ஒரு பங்குக்குமேல் கேட்கவேண்டாம். இத்தனை நன்மைகளைக் கேட்டதும், இருக்கும் பழையதையெல்லாம் ஒரே உலையில் கொட்டி உருக்கினால் என்ன என்று தோன்றும். அங்கேதான் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது.

புடமிட முடியாத உலோகம்

பாலக்கரைப் பக்கத்தில் பழைய உலோகம் வாங்கி விற்கும் கடைகள் சில உண்டு. 'காயலான் கடை' என்று ஊரார் சொல்வது இவற்றைத்தான். காயல்பட்டினத்து வணிகர்களோடு இப்பெயரைத் தொடர்புபடுத்திச் சொல்வதுண்டு. அத்தகைய கடையொன்றில் நாற்பதாண்டுகளுக்கு மேல் அமர்ந்திருக்கும் பெரியவரிடம் ஒரு மாலைப்பொழுதில் பேசிக்கொண்டிருந்தோம். தரையில் நான்கு குவியல்கள். முதலாவது கம்பி, அடுத்தது பாத்திரம், பிறகு தகடு, கடைசியாக வார்ப்பு.

"எல்லாம் அலுமினியம்தானே பாய், எதுக்கு இத்தனை குவியல்?" என்று கேட்டோம்.

அவர் ஒரு பழைய குண்டானை எடுத்துச் சுத்தியலால் தட்டினார். நசுங்கியது. அடுத்து ஒரு வண்டி எஞ்சினின் உடைந்த மூடியைத் தட்டினார். பிஸ்கோத்துப்போல் உடைந்தது. "பாத்தீங்களா சார்? பாக்க ரெண்டும் வெள்ளைதான். ஆனா ஒண்ணு நசுங்கும், இன்னொண்ணு ஒடையும். ரெண்டையும் சேத்து உருக்குனா ரெண்டுத்துக்கும் ஆகாது. கம்பிக்கு ஒரு வெல, இதுக்கு ஒரு வெல. கலந்துட்டா எல்லாம் மட்டம்தான்" என்றார்.

அவர் சொன்னது உலோகவியலின் உயிர்நாடியான செய்தி. பொன்னோடு எது கலந்தாலும் பொற்கொல்லர் புடமிட்டு மாசை நீக்கிவிடுவார். செம்பையும் அவ்வாறே தூய்மையாக்கலாம். ஊதுலையில் காற்றைச் செலுத்தும்போது, கலந்துள்ள மாசுகள் முதலில் எரிந்து விலக, உலோகம் தங்கும். அலுமினியத்திலோ முதலில் எரிவது அலுமினியமே! இரும்பு, சிலிக்கன் போன்றவை அதனுள் ஒருமுறை கரைந்துவிட்டால் அவற்றை வெளியேற்றுவது மிகக் கடினம். பொன் தான் சேர்ந்த கூட்டத்தை மறந்துவிடும்; அலுமினியம் மறக்காது. எனவே அலுமினியத்தைப் பொறுத்தவரை தூய்மை உலைக்கு முன்பே, தராசுக்கருகே, பிரிப்பவர் கையிலேயே முடிவாகிறது.

குவியலுக்குக் குவியல் பயன் வேறு. மின்கம்பி ஏறத்தாழத் தூய அலுமினியம். மீண்டும் கம்பியாகவோ தகடாகவோ ஆகும் தகுதி அதற்குண்டு. குளிர்பானக் குவளைகளைத் தனியே சேர்த்தால் மீண்டும் குவளைகளாகவே ஆக்கலாம். பிரேசில் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட குவளைகள் இவ்வாறு திரும்புகின்றன. பலவும் கலந்த வார்ப்புக்கும் மதிப்பான இடமுண்டு. மோட்டார் வாகனங்களின் எஞ்சின் உறைகள், பம்புகளின் பாகங்கள் ஆகியவற்றுக்குச் சிலிக்கன் மிகுந்த கலவைதான் தேவை. இந்திய வாகனத் தொழிலுக்கான வார்ப்புகளில் பெரும்பகுதி பழைய அலுமினியத்திலிருந்தே உருவாகின்றது. இதற்கென ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கும் அதிகமான பழைய அலுமினியத்தை இந்தியா இறக்குமதி செய்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டுக் குப்பையைக் காசுகொடுத்து வாங்கும் நாம், நம் வீட்டு அலுமினியத் தாளைச் சாம்பார் கறையோடு சுருட்டிக் குப்பைத்தொட்டியில் எறிகிறோம்!

ஒரு சொல்லுக்குள் மூன்று உலோகங்கள்

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட சொல்லுக்கு மீண்டும் வருவோம். நம் வகுப்பு மாணவர்களிடம் ஒருமுறை 'ஈயம் என்றால் என்ன?' என்று கேட்டோம். ஒருவர் ரசச் சொம்பு என்றார். மற்றொருவர் அலுமினியம் என்றார். வேதியியல் படித்த மாணவி ஒருத்தி நஞ்சு என்றாள். மூவர் சொன்னதும் சரியே. ரசச் சொம்பு வெள்ளீயம். வேதியியல் மாணவி சொன்னது காரீயம். மூன்றாவது, பெயரைக் கடன்வாங்கிய அலுமினியம். முன்னோர் வெள்ளை, கருமை என அடைகொடுத்துக் கவனமாகப் பிரித்த சொல்லை, நாம் அடையைக் களைந்து ஒன்றாக்கிவிட்டோம்.

சொல்லில் நிகழ்ந்த இக்கலப்பு உலையிலும் நிகழ்ந்தால் விளைவு கொடிது. பழைய மின்கலம், ரேடியேட்டர், பற்றுவைத்த பாகங்கள் ஆகியவற்றோடு சேர்த்துப் பழைய அலுமினியத்தை உருக்கிப் பாத்திரம் வார்த்தால், காரீயம் அதற்குள் புகுந்துவிடும். புளிக்குழம்பு கொதிக்கும்போது அது சிறிதுசிறிதாக உணவில் இறங்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். பாதுகாப்பான அளவென்று எதையும் மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதில்லை. 2017இல் வெளியான ஆய்வொன்று பத்து நாடுகளில் வாங்கிய 42 அலுமினியப் பாத்திரங்களைச் சோதித்தது. அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, கவலைக்குரிய அளவில் காரீயத்தை வெளியிட்டது. 2025இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நம் கடைவீதிகளில் இண்டாலியம் எனப்படும் கலவையாலான சில இறக்குமதிப் பாத்திரங்களைப் பற்றி இதே எச்சரிக்கையை விடுத்தது.

இதைக் கேட்டு மறுசுழற்சியே தீது என்று முடிவுகட்டுவது அறிவுடைமையாகாது. தீது, பிரிக்காமல் உருக்குவது. பிரித்துருக்கிய பழைய அலுமினியத்துக்கும் புதிய அலுமினியத்துக்கும் தரத்தில் வேறுபாடில்லை. எத்தனைமுறை உருக்கினாலும் அந்த உலோகம் இளைப்பதில்லை. எஞ்சினுக்குப் போகவேண்டியது எஞ்சினுக்கும், அடுப்படிக்கு வரவேண்டியது அடுப்படிக்கும் போனால் ஒரு குறையுமில்லை.

ஆட்சியாளரும் இத்திசையில் நகர்ந்துள்ளனர். அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2024இல் பிறந்தது. இரும்பல்லாத உலோகக் கழிவுகளைத் திரும்பப்பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தும் விதிகளை 2025இல் மத்திய அரசு அறிவித்தது. ஆணைகளும் விதிகளும் நல்லவையே. எனினும் பாலக்கரைப் பெரியவரின் சுத்தியலும் காந்தமும் கண்ணும் செய்யும் வேலையை எந்த ஆணையாலும் செய்ய முடியாது. சோழர்காலக் கோயில்களில் கழஞ்சும் மஞ்சாடியுமாகக் கணக்கு வைத்தவர்களுக்கு உரிய மதிப்பிருந்தது. இன்று நம் உலோகக் கணக்கை வைத்திருப்பவர்களைக் காயலான் கடைக்காரர் என்று இளக்காரமாகச் சொல்லிக் கடந்துபோகிறோம்.

அந்தக் கடையின் பாத்திரக் குவியலில் ஒரு தூக்குச்சட்டியைக் கண்டோம். புள்ளிபுள்ளியாகப் பெயரும் ஆண்டும் வெட்டியிருந்தார்கள். கோயிற் சுவர்களில் எழுத்துத் தேடியலையும் நம்போன்றோர்க்கு அதுவும் ஒரு சாசனம்தான்! கொடுத்தவர் பெயர், கொண்டவர் பெயர், ஆண்டு என்று கொடைச் சாசனத்துக்குரிய உறுப்புகள் யாவும் அதில் இருந்தன. மறுவாரம் அது உலைக்குப் போயிருக்கும். பெயர் அழிந்திருக்கும், உலோகம் அழிந்திருக்காது.

வாசகர்களுக்கு நம் வேண்டுகோள் இவைதாம். பழைய அலுமினியத்தைக் குப்பையோடு சேர்க்காதீர்கள். கழுவித் தனியே வைத்து, வாங்க வருபவரிடம் கொடுங்கள். கம்பியையும் பாத்திரத்தையும் வார்ப்பையும் வெவ்வேறாகக் கொடுத்தால் அவருக்கும் நன்மை, உலைக்கும் நன்மை. புதுப்பாத்திரம் வாங்கும்போது முத்திரையைப் பாருங்கள். எந்த உலோகமென்று தெரியாத மலிவான வார்ப்புப் பாத்திரத்தில் புளிப்பான உணவைச் சமைக்காதீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக மற்றொன்று. இனியாவது அலுமினியத்தை ஈயம் என்று அழைக்காதிருப்போம். ஐம்பொன்னில் சேராவிட்டாலும், காவிரியின் வலிமையைத் தனக்குள் தேக்கிவைத்திருக்கும் உலோகம் அது. உலைக்கு முன்னால் செய்யவேண்டிய முதற்பிரிப்பு, அதனதனை அதனதன் பெயரால் அழைப்பதுதான்.